தூங்காத போர்மேன்

என் இதயம் நன்றாக இருக்கிறது. இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆறு நாள் ஆனது. நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவினார்கள். எங்கும் போய்ச் சேராத ரப்பர் சாலையில் ஓடவிட்டார்கள். தலையை ஒரு குகைக்குள் அனுப்பிப் படம் பிடித்தார்கள். ஊசி குத்த நரம்பு தேடி இடது கையில் தோற்று, வலது கைக்குக் குடிபெயர்ந்தார்கள். "ஏன் ஐயா, நீர் ராத்திரியில் தூங்குகிறீரா?" என்று கேட்க ஒரு கருவியும் வேண்டாம். நான்காம் நாள் வரை அதை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன் என்று வீட்டில் பல தடவை கத்தியிருக்கிறேன். அது பொய். சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இதில் டாக்டர்கள் மேலும் முதலாளி மேலும் நான் பாய்கிற இடங்கள் வரும். அவர்களுக்கு உரியதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நானே வைத்துக்கொள்கிறேன். மிச்சம்தான் அதிகம்.

நான் ஆமத்தூர்க்காரன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷமாகப் போர்மேன். புஸ்வாணத்துக்கும் சக்கரத்துக்கும் அடைக்கிற வெடிமருந்தைக் காலையில் வெயில் ஏறும் முன் கலந்து, அளந்து, ஒவ்வோர் அறைக்கும் கொடுக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது. இரும்புச் சாமான் கூடாது. இந்தக் 'கூடாது'களை எல்லாம் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யோசித்துப் பார்த்தால், விழித்திருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

செல்போன் எங்கள் பக்கம் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. பீடி, தீப்பெட்டியோடு செல்போனும் சேர்ந்து கேட்டிலேயே நின்றுவிட வேண்டும் என்று கம்பெனியில் உத்தரவு. வாட்ச்மேன் கருப்பையா ஒரு மரப்பெட்டியும் ஒரு நோட்டும் வைத்திருந்தார். போனைப் பெட்டியில் போட்டுவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் உருட்ட வேண்டும். இது வேலையாட்களுக்கு. போர்மேனை நிறுத்திப் போனைக் கேட்பது மரியாதை இல்லை என்று கருப்பையா நினைத்தார். அதனால் காலையில் நோட்டைத் திறந்ததுமே, நான் வருவதற்கு முன்பே, என் பெயருக்கு எதிரே 'போன் பெட்டியில்' என்று எழுதி வைத்துவிடுவார். நானும் வரும்போது போனைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். எட்டு வருஷம் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இப்போது அதை நினைத்தால் காது சூடாகிறது.

காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை போன் பெட்டியில் என்றால், மனிதன் எப்போது பேசுவான்? இந்தச் சுற்று வட்டாரத்தில் இருக்கிற போர்மேன்கள் எல்லாரும் பகலில் ஊமைகள். பகல் பூராவும் அடைத்து வைத்த பேச்சை ராத்திரி சாப்பிட்டபின் அவிழ்த்துவிடுவோம். போதாததற்கு, பத்து மணிக்கு மேல் பேசினால் காசு குறைவு, மெசேஜ் அனுப்பினால் அதைவிடக் குறைவு என்று செல்போன் கம்பெனிக்காரன்கள் ஆசை காட்டினார்கள். ஊரே உறங்கப் போகிற நேரத்துக்கு விலையைக் குறைத்து வைத்தவனை நான் என்னவென்று சொல்ல? எங்கள் முதலாளியும் பத்தரை மணிக்குத்தான் கூப்பிடுவார். "அண்ணாச்சி, முழிச்சுத்தான இருக்கீக? நாளைக்கு லோடு..." என்று தொடங்குவார். விழித்திருந்ததால் கூப்பிட்டாரா, கூப்பிட்டதால் விழித்திருந்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் முதலாளியின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. அவர் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்றரை மணி வரை நான் என்ன செய்தேன்? போனுக்குள் இருக்கிற பாம்பு விளையாட்டு விளையாடினேன். நாற்பத்தேழு வயதில், ஒரு கட்டெறும்பு அளவுப் பாம்புக்குப் புள்ளிகளை ஊட்டி வளர்த்தேன். அது தன் வாலைத் தானே கடித்துச் செத்ததும் இன்னொன்றை வளர்த்தேன். நடுவில் ஜோக் எழுதி அனுப்பினேன். எனக்கு நகைச்சுவை வரும் என்று நாலு பேர் சொன்னதை நம்பி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, முப்பது பேருக்கு அனுப்புவேன். யார் சிரித்துப் பதில் போடுகிறான் என்று போனை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இருபது வருஷமாகப் படுக்கும்முன் பத்துப் பக்கம் படித்தவன் நான். புத்தகம் நாகரிகமான பொருள். கண் சொக்கினால் அதுவே மூக்கின் மேல் விழுந்து 'போதும், தூங்கு' என்று சொல்லும். போன் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.

என் மனைவி சரோஜா சொன்னாள். "ஏங்க, அந்தச் சனியன அங்கிட்டு வச்சுட்டுப் படுங்க. மூஞ்சி மேல நீல வெளிச்சம் அடிக்குது, பொணத்துக்கு லைட்டு போட்ட மாதிரி இருக்கு."

"இந்தா, ஒரே ஒரு மெசேஜ்."

"இதத்தான் பதினோரு மணிக்கும் சொன்னீக."

ஆறு மாதம் இப்படி. பகலில் எரிச்சல், மறதி, கண்ணுக்குள் மணல். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி ஆமத்தூரைத் தாண்டி இறங்கியிருக்கிறேன். வயதாகிறது என்று நினைத்தேன். டீயைக் கூட்டினேன்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சீசன் நெருக்கடி. முந்தின ராத்திரி என் பாம்பு இதுவரை இல்லாத நீளம் வளர்ந்திருந்ததால் இரண்டு மணிக்குத்தான் படுத்தேன். காலையில் கேட்டைத் தாண்டிப் போனது நினைவில்லை. புஸ்வாணம் அடைக்கிற அறைக்குள் மருந்து கொடுத்துவிட்டு நின்றேன். அங்கே முத்துலட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். முத்துலட்சுமி பன்னிரண்டு வருஷமாக மருந்து அடைக்கிற கை; நான் வருவதற்கு முன்பே அந்த அறையில் இருந்தவள். அவள் அடைத்த புஸ்வாணங்களை ஒரு தட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் கண்ணைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டேன்.

அப்போது என் சட்டைப்பையில் போன் துடித்தது. கூடவே ஒலித்தது.

செல்போனிலிருந்து பொறி பறக்குமா, பறக்காதா என்று படித்தவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். மருந்து இருக்கிற அறையில் ஒருத்தன் பதறினால் போதும். ஒரு தட்டு சரிந்து உரசினால் போதும். இதை வருஷா வருஷம் வேலையாட்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். மூன்று பெண்களை உள்ளே விட்டுவிட்டு முதல் ஆளாக ஓடினேன். வாசலில் இருந்த மண் வாளி தடுக்கி, படியில் நெற்றி மோதி விழுந்தேன். முத்துலட்சுமி ஓடவில்லை. தட்டை ரப்பர் விரிப்பில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "பதறாதீக, ஒவ்வொருத்தரா வெளிய போங்க" என்று மற்ற இரண்டு பேரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் வந்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. அதற்குக் காரணம் போர்மேன் இல்லை.

வந்த மெசேஜ் என்ன என்று பின்னால் பார்த்தேன். ஒரு ஜோக். மூன்று நாளைக்கு முன் நானே எழுதி அனுப்பியது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருந்தது.

நெற்றியில் ரத்தத்தோடு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பக்கத்தில் சிவகாசி இருக்க, அதைத் தாண்டி விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்கிற அக்கறை என்று நினைத்து உருகினேன். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி ஆள் அடிபட்டு வந்தால் நூறு பேர் விசாரிப்பார்கள், விருதுநகரில் விசாரிக்க மாட்டார்கள் என்ற கணக்கு அப்போது எனக்குப் புரியவில்லை.

நெற்றியில் நாலு தையல் போட்டபின் பெரிய டாக்டர் வந்தார். "விழுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?"

இதுதான் நான் உண்மை பேச வேண்டிய இடம். சொன்னால் போர்மேன் வேலை போகும். பதினைந்து பேருக்கு அபராதம் போட்ட குற்றத்தை நானே செய்திருக்கிறேன். "நெஞ்சு படபடன்னு வந்துச்சு டாக்டர்" என்றேன். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்று கூடுதலாக ஒன்றையும் சேர்த்தேன். பொய் சொன்னால் விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது எழுதிப் பழகினவனுக்குத் தெரியும்.

அவ்வளவுதான். என்னை இதயப் பிரிவில் ஒப்படைத்தார்கள்.

முதலில் ஈசிஜி. நெஞ்சிலும் கைகாலிலும் கவ்விகளை மாட்டி, இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தைக் கோடாக வரைந்து எடுப்பது. கோடு ஒழுங்காக இருந்தது. "ஒழுங்காத்தான் இருக்கு, ஆனாலும்..." என்றார்கள். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எக்கோ வந்தது. அது களிம்பு தடவி, உள்ளே இதயத்தின் வாசல் கதவுகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்று திரையில் பார்ப்பது. கதவுகள் நன்றாக இருந்தன. ஆனாலும், டிரெட்மில். அது, நம்மை ஓடவிட்டு இதயத்துக்கு ரத்தம் போதுமா என்று சோதிப்பது. தையல் போட்ட தலையோடு ஓடினேன். ஆனாலும், தலைக்கு ஸ்கேன். வாசலில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் பார்த்தேன். நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு முன்னால் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கம்பெனி செலவு என்பதால் இருக்கலாம். அவர் எனக்கு வழிவிட்டு, "போங்க தம்பி, ஒண்ணும் இருக்காது" என்று தைரியம் சொன்னார். அந்த நிமிஷம் நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. உள்ளே போய்ப் படுத்து, அவர் இடத்தைத் திருடினேன்.

முதல் நாள் சாயங்காலம் சரோஜா என் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கருப்பையா அண்ணன் கொடுத்துவிட்டாரு. பெட்டியில இருந்துச்சாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றும்போது என் பையிலிருந்து எடுத்து, பெட்டியில் போட்டு, நோட்டில் ஏற்கெனவே எழுதியதை உண்மையாக்கியிருக்கிறார் கருப்பையா. நல்ல மனுஷன் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

மறுநாள் முதலாளி வந்தார். முப்பது வயதுக்காரர், பணிவானவர், நாற்காலி நுனியில்தான் உட்காருவார். "நெஞ்சுதான அண்ணாச்சி, இந்தக் காலத்துல யாருக்கு இல்ல? நல்லாப் பாத்துட்டு வாங்க. பில்லக் கம்பெனி பாத்துக்கும்." நான் அறைக்குள் நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற பாய் ஒருவர். குடோனில் ஏணியிலிருந்து விழுந்து காலை மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நகர முடியாத மனிதருக்கு வேறு வேலை இல்லை, என்னைக் கவனித்தார். நான்காம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டியூட்டி டாக்டரம்மா, "ராத்திரி எப்படி இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும்முன் பாய் முந்திக்கொண்டார்.

"அவரு எங்கம்மா இருந்தாரு? ராத்திரி பூரா கையில மின்மினிப் பூச்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அது ஒரு தடவ மினுக்குது, இவரு அத ஒரு தடவ மினுக்குறாரு. எனக்குக் காலு ஒடஞ்சு தூக்கமில்ல. இவருக்கு என்ன ஒடஞ்சதுன்னு கேளுங்க."

"பாய், நீங்க உங்க காலப் பாருங்க."

"அதத்தான் நாலு நாளாப் பாக்குறேன். ஆடாம அசையாம நிக்குது. நீங்கதான் சுவாரசியமா இருக்கீக."

டாக்டரம்மா சிரித்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கட்டடத்தில் ஒரு கருவியும் இல்லாமல் என்னிடம் வந்து உட்கார்ந்த முதல் ஆள். "கடைசியா ஆறு மணி நேரம் சேர்ந்தாப்புல எப்போ தூங்குனீங்க?"

யோசித்தேன். விருதுநகர் மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் ஞாபகத்துக்கு வந்தது. அது முடிந்து ஆறு மாதம் ஆகப்போகிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இருட்டியதும் மூளைக்குள் ஒரு சுரப்பு சுரக்கத் தொடங்கும். கடையைச் சாத்தும் நேரம் என்று உடம்பு பூராவுக்கும் அது தகவல் சொல்லும். கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைக் கொண்டுபோனால், இன்னும் பகல்தான் போல என்று அது தயங்கி நிற்கலாம். "இவ்வளவு சின்னத் திரையோட வெளிச்சம் எவ்வளவு கெடுக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது சார்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். தெரியாததைத் தெரியாது என்றார். "ஆனா வெளிச்சத்தை விடுங்க. யாராவது மெசேஜ் அனுப்புவாங்களான்னு காது திறந்தே இருக்கு பாருங்க, அதுதான் பெரிய தொந்தரவு. உடம்பு படுத்திருக்கு, மனசு வாசல்ல நிக்குது. மெசேஜ் வந்தா சந்தோஷம், வராட்டி ஏக்கம். ரெண்டுமே தூங்க விடாது."

"அதுக்கு மயக்கம் வருமா டாக்டர்?"

"மயக்கம்னு இல்ல. ரொம்ப நாள் தூக்கம் பாக்கி இருந்தா மூளை கேக்காமலே எடுத்துக்கும். கண்ணு திறந்திருக்கும், நின்னுக்கிட்டே இருப்பீங்க. ரெண்டு மூணு செகண்டு ஆளு உள்ள இருக்க மாட்டீங்க. வண்டி ஓட்டுறவங்களுக்கு வந்தா ஆபத்து. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

போனை எடுத்து சிஸ்டரின் மேசையில் வைத்துவிட்டார். அன்று ராத்திரி இல்லாத போன் என் நெஞ்சில் பத்துத் தடவை துடித்தது. ஆனாலும் விடிகாலையில் எப்போதோ தூங்கி, காலைக் கஞ்சி ஆறிப்போகும் வரை எழவில்லை. ஆக வியாதி தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது, இனிமேல் சீக்கிரம் படுத்தால் சரி, கதை சுபம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் முத்துலட்சுமி வந்தாள். வேலை நாளில், வேலை நேரத்தில் வந்து நின்றாள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தில் வைத்துக்கொள்கிற பாவனை எதுவும் இல்லை.

"வா முத்துலட்சுமி. இன்னைக்கு லீவா?"

"எனக்குச் செவ்வாக்கிழமையில இருந்தே லீவுதான் சார். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

சரோஜா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முத்துலட்சுமி உட்காரவில்லை.

"ரூமுக்குள்ள அடிச்சது என் போனாம். நான்தான் மடியில ஒளிச்சுக் கொண்டு போனேனாம். நோட்டுல உங்க பேருக்கு நேரா போன் இருக்குன்னு எழுதியிருக்கு, பெட்டியிலயும் இருக்கு. என் பேருக்கு நேரா ஒண்ணுமில்ல. அன்னைக்கு எம்போனு சார்ஜு இல்லாம வீட்டுல கெடந்துச்சு. கொண்டு வராத போன எந்தப் பெட்டியில போட?"

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். சார் சட்டையில இருந்துதான் சத்தம் வந்துச்சுன்னு சொன்னேன். போர்மேன் நெஞ்சு வலியில கெடக்காரு, அவரு மேலயே பழி போடுறியான்னு கேட்டாக. மத்த ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. அதுக பயம் அதுகளுக்கு. பக்கத்துக் கம்பெனியில கேட்டேன், அங்கனயும் சேதி போயிருச்சு. போன் கொண்டு போறவள எவன் மருந்து ரூமுல விடுவான்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எம் மக மதுரையில நர்சுக்குப் படிக்கா. அவ கூடப் பேசத்தான் அந்தப் போன வாங்குனேன். ராத்திரி ரெண்டு நிமிசம் பேசிட்டு வச்சிருவேன். நான் தூங்கிட்டுத்தான் சார் வேலைக்கு வாரேன்."

பாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். அது யாரு போனு?"

"என்னோடதுதான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியணும்." சொல்லிவிட்டு, சரோஜாவிடம் மட்டும் "வாரேன்க்கா" என்று தலையசைத்துப் போய்விட்டாள்.

சரோஜா என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை. நேரத்துக்குக் கஞ்சி கொடுத்தாள், மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தாள், நெற்றிக் கட்டில் ஈ உட்காராமல் விசிறினாள். பேசாமல் செய்கிற பணிவிடையைப்போல ஓர் அடி கிடையாது.

முதலாளியை வரச் சொன்னேன். சாயங்காலம் வந்து அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உள்ளதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் எனக்கு விருதுநகர் ஏன், டிரெட்மில் ஏன், பில் ஏன் என்பதெல்லாம் விளங்கியது.

"அண்ணாச்சி, போர்மேனே போன் கொண்டு போனாருன்னு வெளிய தெரிஞ்சா ஆபீசருக வந்து பூட்டுவாக. சீசன். எரநூறு பேரு சோறு. உங்களுக்கு நெஞ்சுன்னே இருக்கட்டும்."

"முத்துலட்சுமிக்கு?"

"வீட்டுல இருந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டட்டும். வேலை கொடுத்துருவோம். அவளுக்கும் வயசாகுதுல்ல?"

பன்னிரண்டு வருஷம் மருந்து அறையில் விபத்தில்லாமல் வேலை பார்த்தவளை, கூலி பாதிக்கும் கீழே வருகிற வேலைக்கு அனுப்பிவிட்டு அதைக் கருணை என்று சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஈசிஜி எடுத்திருந்தால் அன்று நிஜமாகவே கோடு தாறுமாறாகப் போயிருக்கும். ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பொய்யை முதலில் டாக்டரிடம் சொன்னவன் நான். அவர் அதை வாங்கிச் செலவழித்தார், அவ்வளவுதான்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோப்பில் 'இதயம் சீராக உள்ளது' என்று இருந்தது. டாக்டரம்மா தனியாக ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார்: ராத்திரி ஒன்பதுக்குப் பின் போன் வேறு அறையில். ஒரு மாதத்துக்கு மருந்து அறை வேலை கூடாது. சரோஜா போனை வாங்கி அடுப்படியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பஸ் ஏறி முத்துலட்சுமி வீட்டுக்குப் போய்வந்தாள். "நாளைக்கு ஏழு மணிக்குக் கேட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். ஆறு நாளில் அவள் என்னிடம் போட்ட ஒரே நிபந்தனை அது. அன்று ராத்திரி அடுப்படியில் போன் இரண்டு தடவை அடித்தது. எழுந்து போகவில்லை. தூங்கவும் இல்லை, அதற்குக் காரணம் போன் இல்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன்களிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கார் கேட்டுக்குள் நின்றது. முத்துலட்சுமி வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். நெற்றிக் கட்டோடு என்னைப் பார்த்ததும் கருப்பையா எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஆபீசு ரூமுக்கு வாங்க, பேசுவோம்" என்றார் முதலாளி.

"ரூமுக்குள்ள பேசித்தான் இம்புட்டும் ஆச்சு" என்றேன். பிறகு சத்தமாக, முப்பது பேருக்கு ஜோக் அனுப்பியவன் அறுபது பேருக்கு முன்னால் வாய் குழறச் சொன்னேன்: "அன்னைக்கு ரூமுக்குள்ள அடிச்சது என் போன். என் சட்டைப்பையில இருந்துச்சு. எனக்கு நெஞ்சு வலி இல்ல. ராத்திரியெல்லாம் போன நோண்டிட்டுத் தூங்காம வந்தேன், மறந்து உள்ள கொண்டு போயிட்டேன். மொதல்ல ஓடுனதும் நான்தான். முத்துலட்சுமி போன் அவ வீட்டுல இருந்துச்சு."

கருப்பையா தரையைப் பார்த்தார். "நான்தாம்யா எடுத்துப் பெட்டியில போட்டேன்" என்று அவராகவே சொன்னார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீசனில் அறுபது பேரும் திரும்பி வேனில் ஏறினால் என்ன ஆகும் என்பது முதலாளிக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் என் போர்மேன் வேலை முடிந்தது. இப்போது நான் பெட்டிகளுக்கு லேபிள் சரிபார்க்கிற பகுதியில் இருக்கிறேன். தூங்கி விழுந்தாலும் ஒரு சில்வண்டுகூடச் சாகாத வேலை.

"நீ உள்ள போம்மா" என்றார் முத்துலட்சுமியிடம்.

அவள் நகரவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க முதலாளி. இவரு இன்னைக்கு மருந்து ரூமுக்கு வாராரா?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தூங்கி எந்திரிச்ச ஆளு யாராச்சும் இருந்தா அனுப்புங்க. இவரு வந்தா நான் வரல."

"நான் வரல" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். தாண்டியவள் நின்று திரும்பினாள்.

"தையல் பிரிச்சாச்சா?"

"நாளைக்குப் பிரிப்பாங்க."

"அப்ப இங்கன எதுக்கு நிக்கிறீக? கண்ணப் பாருங்க, ரத்தமா இருக்கு. போய்ப் படுங்க."

எட்டு வருஷமாக அந்த வாசலில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவன் நான். மறுபேச்சுப் பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.